இரண்டு பிஸ்டன்களும் ஒரு குறிப்பேடும்

ஆறு வருடங்கள், ஏறத்தாழ எல்லா ஞாயிற்றுக்கிழமைக் காலைகளிலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் டார்ச் விளக்குப் பிடித்திருக்கிறேன். அவருடைய கார் கொட்டகையில், 1966ஆம் வருடத்து எம்.ஜி.பி. ஒன்றின் திறந்த பானட்டுக்கு அடியில், அவர் விரல் போகும் இடத்துக்கெல்லாம் வெளிச்சமும் போகவேண்டும். அதுதான் என் வேலை. ஸ்பேனர் எடுத்துத் தருவதும் கந்தைத்துணி நீட்டுவதும் உபதொழில்கள். ஒரு திருகைக்கூட நான் திருகியதில்லை. அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

2022 டிசம்பரில் அவர் காலமானார். கார் ஒரு பழைய போர்வைக்கு அடியில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தது. 2024 ஏப்ரலில் ஒரு மாலை அவர் மனைவி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். டெவனில் இருக்கும் மகளின் ஊருக்கே போய்விடுவதென்று முடிவாகிவிட்டது. வீடு விற்றாயிற்று. மிச்சமிருப்பது கார். வாங்க விரும்பும் ஒருவர் மே மாதக் கடைசி வாரத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓடினால் ஒரு விலை, ஓடாவிட்டால் அதில் பாதிக்கும் கீழே. அருகிலிருந்த பழைய கார் பட்டறைகளில் ஜூலைக்கு முன்னால் இடமில்லை.

"நீங்கள் கூடவே இருந்தீர்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

டார்ச் பிடித்தவனுக்கு எல்லாம் தெரியும், எதுவும் செய்யத் தெரியாது என்பதை அந்த வயதான அம்மாளுக்கு எப்படி விளக்குவது? மறுநாள் மாலை போர்வையை விலக்கினேன். புதிய பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகியதும் இயந்திரம் இரண்டு முறை இருமியது, ஒருமுறை பின்பக்கமாக வெடித்தது, அணைந்தது. முன்பக்கத்துக் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அது பெட்ரோல் வாசனையாகவே இல்லை. பழைய நாற்காலிக்குப் பூசிய வார்னிஷ் வாசனை.

*

நாங்கள் வசிப்பது ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரில். எம்.ஜி. கார்கள் தயாரான ஊர் இது. மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கமே எம்.ஜி. 1929ல் அந்த நிறுவனம் இங்கிருந்த பாவ்லோவா தோல் தொழிற்சாலையின் ஒரு பகுதிக்குக் குடிவந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1980 அக்டோபரில், மூடப்பட்டது. 1962 முதல் அந்தக் கடைசி மாதம் வரை தயாரான எம்.ஜி.பி. வகைக் கார்கள் 5 லட்சத்துக்கும் மேல். அவற்றுள் ஒன்று, தான் உருவான இடத்திலிருந்து ஒரு மைல் தூரத்தில், பழைய ஆங்கிலேய வெள்ளை என்று பெயரிட்ட ஒரு பாலாடை நிறத்தில், என் பக்கத்து வீட்டில் நின்றுகொண்டிருந்தது.

2016ல் நாங்கள் இங்கே குடிவந்த முதல் வாரம். ஞாயிறு காலை சமையலறையில் நின்றிருந்தபோது சுவருக்கு அப்பால் ஓர் இயந்திரம் உயிர்பெற்றது. அந்தக் கனத்த, கொஞ்சம் கரகரத்த குரலை நான் முன்பே கேட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் என் மாமா வைத்திருந்த அம்பாசடர் அதே குரலில்தான் காலையில் தொண்டையைச் செருமும். பிரமை என்று நினைத்தேன். பிரமை இல்லை என்று பின்னால் தெரிந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைதான் 1957ல் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடராக மறுபிறவி எடுத்து, 2014 வரை உருண்டது. 1959ல் அதற்குள் வைக்கப்பட்ட 1489 சி.சி. இயந்திரமும், எம்.ஜி.பி.க்குள் இருக்கும் 1798 சி.சி. இயந்திரமும் பி-வரிசை என்னும் ஒரே குடும்பம். அண்ணன் வாடகைக் காராக உழைத்தான். தம்பி பந்தயச் சட்டை போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். அந்தக் குரல் இழுத்துத்தான் அவர் கொட்டகை வாசலில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு டார்ச்சை நீட்டினார்.

அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அளக்காத எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லமாட்டார். "இன்று குளிர் அதிகம்" என்று நான் சொன்னால் சுவரிலிருக்கும் வெப்பமானியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தலையசைப்பார். கொட்டகை அலமாரியில் கறுப்பு அட்டை போட்ட ஒரு குறிப்பேடு இருந்தது. 1994ல் காரை வாங்கிய நாளிலிருந்து அதில் செய்த ஒவ்வொரு வேலையும் பென்சிலில், பொடி எழுத்தில், கட்டம் போட்டு எழுதியிருக்கும். தேதி, ஓடிய மைல், செய்தது, காரணம் என்று நான்கு பத்திகள்.

*

அந்தக் காரில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள் அருகருகே நிற்கும். எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர்கள் காலணி வியாபாரக் குடும்பத்தினர். அந்தக் குடும்பத்தின் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905ல் ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தம்பி தாமஸ் கார்லைல் ஸ்கின்னரும் சேர்ந்துகொள்ள, 1910ல் அது ஒரு நிறுவனமாயிற்று. தோல் வியாபாரிகளின் கண்டுபிடிப்பு என்பதாலோ என்னவோ, முதல் வடிவத்தில் உள்ளே ஏறி இறங்கியது தோலால் ஆன துருத்தி. உலோகப் பிஸ்டன் பிறகு வந்தது. 1926ல் மோரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார்.

துருத்தி போனாலும் துருத்தியின் குணம் போகவில்லை. மற்ற பெரும்பாலான கார்புரேட்டர்களில் காற்று நுழையும் தொண்டையின் அகலம் மாறாது. ஆகவே மெதுவாகப் போக ஒரு ஜெட், வேகமாகப் போக ஒரு ஜெட், திடீரென்று மிதித்தால் பீச்சியடிக்க ஒரு பம்பு என்று உள்ளே ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கும். எஸ்.யு.வில் இருப்பது ஒரே ஜெட். மாறுவது தொண்டை. கவிழ்த்து வைத்த மணி போன்ற ஓர் அலுமினியக் கூடு மேலே நிற்கிறது. அதற்கு டேஷ்பாட் என்று பெயர். அதற்குள் ஒரு பிஸ்டன். இயந்திரம் மூச்சை உள்ளிழுக்கும்போது டேஷ்பாட்டுக்குள் வெற்றிடம் உண்டாகிப் பிஸ்டன் மேலெழுகிறது. காற்றுக்கு வழி அகலமாகிறது. பிஸ்டனின் அடியில் கூம்பாகச் சீவிய ஓர் ஊசி தொங்குகிறது. அது ஜெட்டின் துளைக்குள் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் எழ எழ ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வருகிறது, பெட்ரோலுக்கும் வழி அகலமாகிறது. எவ்வளவு மூச்சோ அவ்வளவு உணவு.

பிஸ்டனின் மேல்தட்டுக்கும் டேஷ்பாட்டின் உட்சுவருக்கும் நடுவே ரப்பரோ வாஷரோ கிடையாது. மயிரிழை இடைவெளி ஒன்றுதான். அந்த இடைவெளி கூடினால் வெற்றிடம் ஒழுகிவிடும். குறைந்தால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு பிஸ்டனையும் அதற்கு இசைந்த டேஷ்பாட்டோடு பொருத்திப் பார்த்துச் சோடியாகத்தான் அனுப்புவார்கள். சோடியை மாற்றக் கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று கையேடுகள் சொல்லும்.

பழைய சங்கதிகளில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. மிதவைக் கிண்ணத்தைத் திறக்கும்போதெல்லாம் அதைச் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மெர்லின் இயந்திரத்தில் இருந்ததும் எஸ்.யு.வின் மிதவைக் கார்புரேட்டர்தான். விமானம் சட்டென்று மூக்கைக் கீழே சாய்த்தால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே போய்விடும், இயந்திரம் ஒரு கணம் மூச்சுவிட மறந்துவிடும். எதிரியின் இயந்திரத்தில் நேரடியாகப் பெட்ரோல் பீச்சும் முறை இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் இருந்த பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், புரூக்லண்ட்ஸ் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டிய பெண்மணி, துளையிட்ட ஒரு சிறு தடுப்பைப் பெட்ரோல் வரும் வழியில் வைத்து, 1941ல் அதற்குத் தற்காலிகமாக ஒரு வழி செய்தார். "ஒரு துளை, அதன் சரியான அளவு. மற்றதெல்லாம் சத்தம்" என்று கதையை முடிப்பார் அவர்.

*

எட்டு மணிவரை வெளிச்சம் இருந்த அந்த ஏப்ரல் மாலைகளில் வேலையைத் தொடங்கினேன். இரண்டு அலுமினியத் தட்டுகள் எடுத்து 'முன்', 'பின்' என்று எழுதி ஒட்டினேன். ஒன்றின் உறுப்பு மற்றொன்றின் தட்டுக்குப் போகக் கூடாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல்தூரிகையால் தேய்த்தேன். மிதவைக் கிண்ணங்களின் அடியில், அடிப்பிடித்த பாகு போலப் பழுப்பாக ஒரு படலம். ஆவியாகிப் போன பெட்ரோல் விட்டுச்சென்ற வண்டல் அது. மிதவை ஏறியதும் பெட்ரோலை நிறுத்தவேண்டிய குட்டி ஊசி அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ரப்பர்க் குழாய்களை வளைத்ததும் வெடிப்புகள் தெரிந்தன. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது. புதுக் குழாய்களும் புது ஊசி வால்வுகளும் தபாலில் வந்தன. எஸ்.யு. பெயரும் உரிமையும் 1996 முதல் சால்ஸ்பரியில் உள்ள ஒரு நிறுவனத்திடம் இருக்கின்றன. அறுபது வருடத்துக் கார்புரேட்டருக்கும் உதிரி பாகம் கிடைத்துவிடுகிறது.

பிறகுதான் பெரிய வியாதி தெரிந்தது. தொண்டையின் வாயில் ஒரு வட்டத் தகடு, கதவு போல ஓர் அச்சில் திரும்புகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும். அந்த அச்சை, ஸ்பின்டில் என்பார்கள், இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். ஆடிற்று. அலுமினிய உடலில் அது சுழலும் துளை பல வருடங்களில் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக, யாரும் அனுமதிக்காத காற்று உள்ளே போகும். கலவையை எவ்வளவு திருத்தினாலும் இயந்திரம் ஒரு சீராக நிற்காது. புது ஸ்பின்டில் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை. துளையைக் கடைந்து பெரிதாக்கி உள்ளே புஷ் இறக்கவேண்டும். அதை ஒரு பட்டறையிடம் ஒப்படைத்தேன். பத்து நாள் ஆனது.

தகட்டை ஸ்பின்டிலோடு பிணைப்பவை இரண்டு சின்னஞ்சிறு பித்தளைத் திருகுகள். அவற்றின் வால் பிளந்திருக்கும். இறுக்கிய பின் அந்தப் பிளவை விரித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் கழன்று நேராக இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய்விடும். டார்ச் பிடித்த காலத்தில் அவர் இதைச் செய்து நூறு முறையாவது பார்த்திருப்பேன். செய்யும்போது கை நடுங்கியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் செய்தேன். அப்போதுதான் முதன்முறையாக அவர் இல்லாதது உறைத்தது.

*

பட்டறையிலிருந்து உடல்கள் வரும்வரை செய்ய வேலையில்லாமல் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் பக்கம், 1994 ஆகஸ்டு. கார் வாங்கியதும் செய்த முழுச் சோதனை. அதில் ஒரு வரி: விழும் நேரம், முன் 6 விநாடி, பின் 6 விநாடி.

அது என்ன சோதனை என்று கையேட்டில் தேடினேன். பிஸ்டனில் இருக்கும் துளைகளைக் களிமண் உருண்டையால் அடைத்து, டேஷ்பாட்டுக்குள் செருகி, தலைகீழாகக் கவிழ்த்துப் பிஸ்டனை மட்டும் பிடித்துக்கொண்டால், டேஷ்பாட் தன் எடையாலேயே மெல்ல இறங்கும். இந்த அளவுக் கார்புரேட்டரில் அது 5 முதல் 7 விநாடிக்குள் நடக்கவேண்டும். மயிரிழை இடைவெளி சரியாக இருக்கிறதா என்று கடிகாரத்தால் அளக்கும் வழி.

கைப்பேசியில் விநாடி முள்ளை ஓடவிட்டுச் செய்து பார்த்தேன். முன்: 3 விநாடி. பின்: பாதி வழியில் தயங்கி, சாய்த்ததும் மறுபடி நகர்ந்து, 11 விநாடி. மூன்று முறை செய்தேன். அதே கதை. தூசியோ என்று மறுபடி துடைத்தேன். மாற்றமில்லை. உலோகம் முப்பது வருடத்தில் ஒன்றில் தேய்ந்து மற்றொன்றில் வளருமா?

யோசிக்காமல் செய்த காரியம் அடுத்தது. முன் தட்டிலிருந்த பிஸ்டனைப் பின்பக்க டேஷ்பாட்டில் போட்டேன். பின் பிஸ்டனை முன்னதில். 6 விநாடி. 6 விநாடி.

குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன். ஜெட்டின் அடியில் இருக்கும் ஆறு முகத் திருகைத் திருப்பித்தான் கலவையை அமைக்கவேண்டும். மேலே முட்டும்வரை ஏற்றிவிட்டுப் பன்னிரண்டு முகங்கள், அதாவது இரண்டு முழுச்சுற்று, இறக்குவது தொடக்க நிலை. அங்கிருந்து ஒன்றிரண்டு முகம் முன்னே பின்னே. 1994 முதல் 2003 வசந்தம் வரை அவர் எழுதியிருந்தவை: முன் 12, பின் 12. முன் 12, பின் 13. முன் 11, பின் 12. பிறகு 2003 ஜூன்: கார்புரேட்டர்கள் முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்தது. அடுத்த மாதம்: முன் 9, பின் 14. அடுத்தது: முன் 10, பின் 15. அதன்பின் 2022 வரை இரண்டும் ஒருமுறைகூடச் சமமாக இல்லை.

சோடி மாறியிருக்கிறது. ஒன்று சோம்பி எழுகிறது, மற்றொன்று படபடக்கிறது. நிற்கும்போது திருகைத் திருப்பி இரண்டையும் ஒருவாறு இணங்கவைத்துவிடலாம். சாலையில் ஏற்றத்தில் மிதிக்கும்போது இரண்டும் இரண்டு திசைக்கு இழுக்கும். அவர் வருடம்தோறும் அதைத் துரத்தியிருக்கிறார். காரணம் என்ற பத்தியில் 2003 வரை சொற்கள் இருந்தன: அழுக்கு, தேய்மானம், தளர்வு. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரே குறிதான்: ? பிளக்குகளை மாற்றியிருக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றியிருக்கிறார். 2000த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதைப் பற்றி ஒரு முழுப்பக்கம் சந்தேகப்பட்டிருக்கிறார். விழும் நேரத்தை மட்டும் இரண்டாம் முறை அளக்கவில்லை. அதைத்தான் 1994லேயே அளந்தாயிற்றே. உலோகம் மாறாது.

எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2019ல் ஒரு ஞாயிறு, அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது டேஷ்பாட்டுகளை என்னிடம் பிடிக்கக் கொடுத்தார். ஒன்றில் பிஸ்டன் எண்ணெயில் போல வழுக்கியது. மற்றொன்றில் பிடிவாதமாக நின்றது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கவேண்டாமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவருக்குத் தெரியாததா என்று விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகான வருடங்களில் அவர் செவி மங்கிக்கொண்டே வந்தது. கார்புரேட்டர்களைச் சமன்செய்ய ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைத் தொண்டை வாயிலும் வைத்து, காற்று உள்ளே போகும் 'ஸ்ஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்கவேண்டும். கடைசி இரண்டு வருடங்கள் அந்தக் குழாய் என் காதில்தான் இருந்தது. "முன்னது உரக்கக் கேட்கிறது" என்பேன், அவர் திருப்புவார். அவருக்குக் காதாக இருக்க முடிந்த எனக்கு அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்கும் வாயாக இருக்க முடியவில்லை.

கவனக்குறைவானவர்களின் தவறுகள் சீக்கிரம் அகப்பட்டுவிடுகின்றன. எல்லோரும் அவற்றைத் தேடுகிறார்கள். கவனமானவர்களின் தவறுகளுக்கு ஆயுள் அதிகம்.

*

உடல்கள் வந்தன. மாட்டினேன். ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமட்டத்தோடு சமமாக இருக்கும்படி இறுக்கினேன். ஜெட்டின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டேன். 'டக்' என்று உலோகத்தில் உலோகம் விழும் தெளிவான ஒலி வரவேண்டும். ஊசி ஜெட்டை உரசினால் அந்த ஒலி மழுங்கும். முன்னதில் நான்காம் முறை வந்தது. பின்னதில் பதினோராம் முறை. நடுத்தண்டுக்குள் 20 எண் எண்ணெய் ஊற்றினேன். முன் 12, பின் 12.

இயந்திரம் உடனே பிடித்துக்கொண்டது. குழாயைக் காதில் வைத்தேன். இரண்டிலும் ஒரே மூச்சு. பிஸ்டனைத் தூக்கும் சிறு முளையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அழுத்தினேன். ஓட்டம் ஒரு கணம் லேசாகக் கூடி, பழையபடி அமைந்தது. கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம். அணைந்தால் குறைவு. இப்படி ஒரு கணம் கூடி அமைந்தால் சரி.

சமையலறை ஜன்னல் திறந்தது. அந்த அம்மாள் எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை அவர் வந்து, "என்ன கோளாறு?" என்று விசாரித்தார். "ஸ்பின்டில் தேய்ந்திருந்தது" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. இறந்த மனிதர், தன் துல்லியத்தைத் தவிர வேறெதிலும் பெருமை கொள்ளாதவர். பத்தொன்பது வருடம் கண்ணெதிரே இருந்ததைக் காணவில்லை என்று அவர் மனைவியிடம் சொல்ல நான் யார்? அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். "அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா?" என்று கேட்டாள். "நிச்சயமாக." "அவருக்கு அது தெரியவேண்டும் என்று ஆசை இருந்திருக்குமா?" கேள்விக்குறிகள் நிறைந்த அந்தப் பத்தியை நினைத்துக்கொண்டேன்.

*

வாங்குபவர் வருவதற்கு முந்தின ஞாயிறு, ஒரு நாள் காப்பீடு எடுத்துக்கொண்டு காரை வெளியே எடுத்தேன். நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் இங்கே வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. மனிதர்களுக்கு நேர்மாறான விதி. துணிக்கூரையை மடக்கியிருந்தேன். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். போர்ஸ் ஹில் பக்கம் போகலாம் என்று அவரே சொன்னார். ஆபிங்டனுக்கு வடக்கே உள்ள அந்தக் குன்றின் ஏற்றத்தில்தான் கார் எப்போதும் ஒருமுறை தயங்கும். தயங்கும் இடம் வந்தது. மிதித்தேன். தயங்கவில்லை.

உச்சிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். "ஆரம்பத்தில் இப்படித்தான் ஏறும்" என்றார். "இது ஸ்பின்டில் இல்லை. அவர் இரண்டு முறை ஸ்பின்டில் மாற்றினார். எனக்குத் தெரியும். என்ன செய்தீர்கள்?"

சொன்னேன். இரண்டு பிஸ்டன்கள் இடம் மாறியிருந்தன. குறிப்பேட்டைப் பார்த்தால் 2003 ஜூனில் நடந்திருக்கவேண்டும்.

அவர் வெகுநேரம் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு குரலில் பேசினார்.

"அந்த ஜூனில்தான் மகளை மணக்கவிருந்தவருடைய பெற்றோர் முதல்முறையாக மதிய உணவுக்கு வந்தார்கள். வெளியே மழை. இவர் சமையலறை மேசை முழுக்கச் செய்தித்தாள் விரித்து இதையெல்லாம் பரப்பிவிட்டு, ஏதோ கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். அவர்கள் வர ஒரு மணி நேரம்தான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வாரிப் போட்டேன். வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவினேன். துடைத்து, கொட்டகையில் அதே செய்தித்தாளை விரித்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அவர் வந்து பார்த்தார். இவ்வளவு சுத்தமாக யாரும் துடைத்ததில்லை என்றார்."

அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. மனைவி அடுக்கிவைத்ததை அவர் சரிபார்த்திருக்கமாட்டார். தன் ஞாபகத்தை அவர் மனைவி சரிபார்க்கவில்லை. பிற்பாடு வந்த நான் அவரைச் சரிபார்க்கவில்லை. ஆக, மூன்று பேருடைய மரியாதையும் சேர்ந்து அந்த இரண்டு பிஸ்டன்களையும் தவறான கூட்டுக்குள் காவல் காத்திருக்கிறது.

"அப்படித்தான் நடந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவரே மாற்றி மாட்டியிருக்கலாம்" என்றேன்.

"அவரா?" என்றார். அந்த ஒற்றைச் சொல்லில் ஐம்பது வருடத் தாம்பத்தியம் இருந்தது.

*

வீடு திரும்பியதும் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். புதிய உரிமையாளருக்குக் காரோடு அதுவும் போகவேண்டும், கடைசி வேலையையும் எழுதுங்கள் என்றார். தேதி எழுதினேன். மைல் எழுதினேன். குழாய், ஊசி வால்வு, ஸ்பின்டில், புஷ், விழும் நேரம் 6, 6. முன் 12, பின் 12. நான்காவது பத்தியைக் காலியாக விட்டுவிட்டுப் பென்சிலை வைத்தேன்.

"காரணம்?" என்றார்.

நான் பேசாமலிருந்தேன். பென்சிலை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவரே எழுதினார்: '2003 ஜூன். சமையலறை. நான்.' பிறகு பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு கேள்விக்குறியின் மீதும் ஒரு கணம் விரலை வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எதையும் அழிக்கவில்லை.

வாங்க வந்தவர் இளைஞர். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கார்புரேட்டர்கள் நன்றாக இருக்கின்றனவே, யார் செய்தது என்று கேட்டார். அந்த அம்மாள் என்னைக் காட்டினார். "இதை மறுபடி திறக்கும்போது ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் போட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். "குறிப்பேட்டில் 1994ல் ஒரு சோதனை இருக்கிறது. அதைச் செய்து பாருங்கள். நான் செய்திருக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள்" என்றேன். இப்போது கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார்.

கார் தெருமுனையில் திரும்பும்வரை நின்றோம். அதன் பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் காதைச் சாய்த்து, "இன்னும் கேட்கிறதா?" என்றார். எனக்குக் கேட்டது. கேட்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.